நானோ மருந்து யாருக்குக் கிடைக்கும்?

2021-ஆம் ஆண்டு மே மாதத்தை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. கொரோனாவிலிருந்து பிழைத்து வந்தவர்களை, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளை, கருப்புப் பூஞ்சை தாக்கியது. லிபோசோமல் ஆம்ஃபோடெரிசின்-பி என்ற வாயில் நுழையாத மருந்தைத் தேடி உறவினர்கள் கடை கடையாக அலைந்தார்கள். ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு குப்பிகள், அதுவும் வாரக்கணக்கில் தேவைப்பட்டன. குப்பி ஒன்றின் விலையோ பல ஆயிரம் ரூபாய்.

அது ஒரு நானோ மருந்து. ஒரு மீட்டரை நூறு கோடி பாகங்களாகப் பிரித்தால் அதில் ஒரு பாகமே நானோமீட்டர். பழைய ஆம்ஃபோடெரிசின் பூஞ்சையைக் கொல்லும்; கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதையே மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் ஏற்றிச் செலுத்தும்போது அப்பாதிப்பு வெகுவாகக் குறைகிறது.

இத்தகைய மருந்தை நம் நாட்டவரும் உருவாக்கியிருக்கிறார்கள். தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், மும்பை கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர்களும் இணைந்து உழைத்தார்கள். மத்திய அரசு நிதி தந்தது. லைஃப்கேர் இன்னோவேஷன்ஸ் நிறுவனம் 'ஃபங்கிசோம்' என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆய்வகம், மருத்துவமனை, அரசு, தொழிற்சாலை ஆகிய நான்கும் கைகோர்த்ததன் பலன் இது.

2007-இல் மத்திய அரசு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கி 'நானோ மிஷன்' திட்டத்தைத் தொடங்கியது. 2013-இல் நானோ ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் இந்தியா உலகில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. ஆனால் நோயாளியின் படுக்கைவரை வந்து சேர்ந்த மருந்துகள் மிகச் சிலவே. காரணம், கட்டுரை எழுத ஆய்வகம் போதும். மருந்து உருவாக மருத்துவமனையும் வேண்டும்.

நம் திருச்சியையே பார்ப்போம். துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். புதுக்கோட்டை சாலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகம். புத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து வரும் ஏழை நோயாளிக்கு அம்மருத்துவமனையே கதி. ஆய்வகத்துக்கும் அவரது படுக்கைக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க மனமும் நிதியும் வேண்டும்.

2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டத் திட்டமிடப்பட்டது. அதில் பெரும்பங்கு தனியாரிடமிருந்து எதிர்பார்க்கப்படுகிறது. கூட்டுமுயற்சி நல்லதே. ஆனால் பணம் போடுபவர் இலாபம் தரும் நோயையே தேடினால், காசநோயாளியைப் பற்றி யார் கவலைப்படுவார்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமது 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் நானோ தொழில்நுட்பத்தையும் மனித ஆற்றலின் பலன்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். அதே வேளையில், அறிவும் பணமும் கொண்டவர்கள் மற்றவர்கள்மீது பெறும் அதிகாரத்தைக் குறித்து எச்சரித்தார்.

நம் பிள்ளைகள் பலர் இக்கல்லூரிகளில் படிக்கிறார்கள். நம்மில் பலர் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்றுகிறார்கள். மக்களின் வரிப்பணத்தில் பிறக்கும் ஒவ்வொரு மருந்தைக் குறித்தும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது புத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்து சேருமா?