தண்ணீர் வடிந்த மறுநாள் பட்டறைக்கு யார் பொறுப்பு? திருவெறும்பூர் கேட்கும் கேள்வி!

திருவெறும்பூர்,
ஐப்பசி மழை நெருங்குகிறது என்றால் கலெக்டர் ஆபீசில் கூட்டம் நடக்கும். மணல் மூட்டை எத்தனை, படகு எத்தனை, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்க வைப்பது, எந்த அதிகாரிக்கு எந்த ஏரியா - எல்லாம் பைலில் ஏறிவிடும். ஆளைக் காப்பாற்றத் திட்டம் இருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் என்ன செய்வது? சிக்கலே அங்கேதான்.

திருவெறும்பூரில் இந்தக் கேள்வி கொஞ்சம் பெரிசாகவே ஒலிக்கிறது. காரணம், பெல் பாய்லர் தொழிற்சாலை. அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் துவாக்குடி வரை பரவிக் கிடக்கின்றன. அந்தப் பட்டறைகளை நம்பி வெல்டர், பிட்டர், லோடுமேன், டீக்கடைக்காரர், வாடகை வீட்டுக்காரர் என்று ஒரு ஊரே பிழைக்கிறது.

77-ல் பார்த்தது

வெள்ளம் திருச்சிக்குப் புதுசு அல்ல. 1977 நவம்பர் 12-ந் தேதி நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயல் திருச்சியையும் விடவில்லை. கோரையாறும் குடமுருட்டியும் பெருக்கெடுத்தன. உறையூர், தில்லைநகர் பக்கமெல்லாம் ஒரே தண்ணீர். தமிழ்நாடு முழுவதும் 560 பேர் பலியானார்கள். சுமார் 10 லட்சம் பேர் வீடு இழந்தார்கள். எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சராகி ஐந்து மாதம்கூட ஆகாத நேரம் அது.

அந்தக் காலத்தில் பேரிடருக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. அது வந்தது 2005-ல், சுனாமி அடித்து ஓய்ந்த பிறகு. பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், முதல்-அமைச்சர் தலைமையில் மாநில ஆணையம், கலெக்டர் தலைமையில் மாவட்ட ஆணையம் என்று மூன்று அடுக்கு போட்டார்கள்.

பணமும் ஒதுக்கினார்கள். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஒரு பங்கீடு வகுத்தது. மாநிலத்தின் பேரிடர் பணம் 100 ரூபாய் என்றால் 40 ரூபாய் உடனடி நிவாரணத்துக்கு. 30 ரூபாய் மீண்டும் கட்டி எழுப்புவதற்கு. மீதி, தடுப்புக்கும் தயாரிப்புக்கும். மறுவாழ்வுக்கு என்று தனியாக ஒரு பங்கை எடுத்து வைத்தது நல்ல காரியம்தான்.

ஆனால் அந்தப் பணம் வந்து சேரும் வேகம் இருக்கிறதே! இமாசலப் பிரதேசத்தில் 2023-ல் வெள்ளமும் நிலச்சரிவும் புரட்டிப் போட்டன. மீட்டுக் கட்ட மத்திய அரசு 2,006 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது 2025 ஜூனில். நடுவில் இன்னொரு மழைக்காலமே வந்து போய்விட்டது.

பட்டா இருக்கா?

சரி, பணம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யார் கைக்குப் போகும்?

2022 முதல் 2026 வரைக்கும் மத்திய அரசு போட்ட விகிதம் இது. வீடு முழுசாக இடிந்தால் சமவெளியில் 1 லட்சத்து 20 ஆயிரம். குடிசைக்கு 8 ஆயிரம். உயிர் போனால் 4 லட்சம். பாசன நிலத்துப் பயிருக்கு எக்டேருக்கு 17 ஆயிரம். மீனவருக்குப் படகு, வலைக்கு உதவி உண்டு. கைத்தறி நெசவாளருக்குக் கருவி சேதத்துக்கு 5 ஆயிரம்.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தாலும் வெல்டிங் பட்டறையைக் காணோம்.

பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மோட்டாரில் தண்ணீர் ஏறினால் காயில் புதுசாகச் சுற்ற வேண்டும். வெல்டிங் ராடு நனைந்தால் போச்சு, ஈரம் பட்ட ராடை வைத்துப் பாய்லர் வேலை செய்ய முடியாது. கட்டிங் போட்டு வைத்த பிளேட்டில் துரு ஏறும். வங்கிக் கடன் வாங்கிய முதலாளிக்கு இன்சூரன்ஸ் இருக்கலாம். தினக்கூலி வெல்டருக்கு எந்த இன்சூரன்ஸ்? பட்டறை ஒரு மாதம் மூடினால் அவர் வேறு ஊருக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பிவிடுவார். அப்புறம் மெஷினை ரிப்பேர் பார்த்து என்ன பயன்? ஓட்ட ஆள் வேண்டாமா?

வாடகைக்குக் குடியிருப்பவர் கதை இன்னும் மோசம். வீட்டுக்கான உதவி வீட்டுக்காரருக்கு. இரண்டு நாளுக்கு மேல் வீடு தண்ணீரில் நின்றால் துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்பதுதான் குடித்தனக்காரர் எதிர்பார்க்கக்கூடியது. அதற்கும் "ரேஷன் கார்டு எங்கே? அட்ரஸ் இந்த ஊர்தானா?" என்று கேள்வி வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் குடும்பத்துக்கு 6 ஆயிரம் ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள். கார்டு இல்லாதவர்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

தென்னைக்கு வந்த கணக்கு

பக்கத்து மாவட்டத்துப் பாடமும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மரத்துக்கு 600, அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. புதுக் கன்று வைத்துக் காய் பறிக்க ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும் என்று எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை.

அரசுக்குச் சொந்தமானது உடைந்தால் காரியம் நடக்கிறது. அதே 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய அணைக்குப் பக்கத்திலேயே பல நூறு கோடியில் புது அணை எழுந்துவிட்டது. அணைக்கு ஒரு இலாகா இருக்கிறது, என்ஜினீயர் இருக்கிறார், எஸ்டிமேட் போட ஆள் இருக்கிறது. பட்டறைக்கு யார் இருக்கிறார்கள்?

ஜப்பான்காரன் செய்தது

1995-ல் ஜப்பானின் கோபே நகரில் பூகம்பம். 6 ஆயிரம் பேருக்கு மேல் பலி. அங்கே நகாதா என்ற பகுதி, செருப்பு தைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளின் ஊர். திருவெறும்பூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பட்டறைகள் எரிந்து சாம்பலாயின. நகராட்சி தற்காலிகத் தொழிற்கூடங்களைக் கட்டி வாடகைக்கு விட்டது. அப்படியும் பல பட்டறைகள் திரும்பி வரவில்லை.

அந்த நாடு அதோடு விடவில்லை. 2011 சுனாமிக்குப் பிறகு இன்னொரு வழி பார்த்தது. சின்னத் தொழில்காரர்கள் பலர் ஒரு குழுவாகச் சேர்ந்து திட்டம் கொடுத்தால், கட்டிடத்தையும் மெஷினையும் சரிசெய்யும் செலவில் நாலில் மூன்று பங்கை அரசே ஏற்றது. கடன் அல்ல, மானியம்.

நம்ம ஊரில் போக்கு நேர் எதிர். பேரிடர் சட்டத்தின் 13-வது பிரிவு, பாதிக்கப்பட்டவர்களின் கடனுக்குச் சலுகை காட்ட வழி வைத்திருந்தது. 2025 திருத்தத்தில் அதை எடுத்தே விட்டார்கள். வயநாடு நிலச்சரிவில் எல்லாம் இழந்தவர்களின் கடன் தள்ளுபடி வழக்கு கேரள ஐகோர்ட்டில் நடந்தபோது மத்திய அரசு சுட்டிக் காட்டியதும் இதைத்தான்.

எல்லைக் கோடு எங்கே?

அதே திருத்தம் ஒரு புது வழியும் திறந்தது. மாநகராட்சி உள்ள ஊர்களுக்கு கமிஷனர் தலைமையில் தனி நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்கலாம். திருச்சிக்கும் இது பொருந்தும்.

இங்கேதான் இன்னொரு வேடிக்கை. திருவெறும்பூர் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. துவாக்குடி தனி நகராட்சி. ஒரே பட்டறைத் தெருவின் ஒரு முனை கமிஷனரிடம், மறுமுனை வேறொருவரிடம் என்று ஆகிவிடக் கூடாது. உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் பிரிந்து, திருச்சி ஊருக்குள் புகுந்து, ஊர்ச் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. அது எந்த எல்லையையும் கேட்டுக்கொண்டு ஓடவில்லை.

அந்த வாழவந்தான்கோட்டையில்தான் 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-ல் அரசு அதன் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. கூலி வேலைக்குப் போகும் அவர்களிடம் போய்ப் பட்டாவைக் கேட்டால் எங்கே போவார்கள்?

வேண்டியது பெரிய விஷயம் இல்லை. பட்டறை எத்தனை, அதில் மெஷின் எத்தனை, வேலை பார்ப்பது யார், வாடகைக்குக் குடியிருப்பது யார் என்று வெயில் காலத்திலேயே வீடுவீடாகக் கணக்கு எடுத்து வைக்கலாம். சேதம் ஆனபின் போய் எண்ணினால் சேறுதான் கண்ணில் படும். மாவட்டத் தொழில் மையத்தையும் மழைக்காலக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, மூன்றாம் நாள் பட்டறை திறக்க யார் என்ன செய்வது என்று எழுதி வைக்கலாம். வார்டு கவுன்சிலர்கள் இதை மாமன்றத்தில் கேட்க யாரும் தடை போடவில்லை.