மருந்துச் சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்’ என்று இருந்தால் பயப்பட வேண்டுமா?

மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில் டாக்டர் ‘எஸ்.ஓ.எஸ்’ என்று எழுதியிருந்தால், நடுக்கடலில் கப்பல் அனுப்பும் அபாயச் செய்தி ஞாபகத்துக்கு வந்து பலர் பதறிவிடுகிறார்கள். விஷயம் நேர்மாறானது. ‘தேவைப்பட்டால்’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் சுருக்கம் இது. காய்ச்சலோ வலியோ இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். அவ்வளவுதான். உடனே கொடுக்கச் சொல்லும் வார்த்தை ‘ஸ்டாட்’.

மற்றவை சுலபம். ‘ஓ.டி’ என்றால் தினம் ஒரு வேளை, ‘பி.டி’ இரண்டு வேளை, ‘டி.டி.எஸ்’ மூன்று வேளை, ‘ஹெச்.எஸ்’ தூங்கப் போகும்போது. 1-0-1 என்றிருந்தால் காலையும் இரவும் ஒவ்வொன்று, மதியம் கிடையாது. (கண்ணாடிக்கான சீட்டில் மட்டும் ‘ஓ.டி’ என்பது வலது கண்!)

சிக்கல் எஸ்.ஓ.எஸ்-ஸில்தான். ‘தேவைப்பட்டால்’ சரி, எத்தனை முறை? பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. ஆறு மாத்திரையிலேயே 3.9 கிராம் ஆகிவிடும். சளிக்கென்று தனியாக வாங்கும் பல மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அளவு மீறினால் அடி விழுவது கல்லீரலுக்கு. உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் குறையும். குழந்தைகளுக்கு எடையை வைத்துத்தான் அளவு. எனவே, எத்தனை மணி நேர இடைவெளி, நாளுக்கு அதிகபட்சம் எத்தனை என்ற இரண்டையும் டாக்டரிடம் கேட்டு சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து தினமும் போட்டுவிட்டால் வாய்ப்புண் வரும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறையும், உயிருக்கே ஆபத்தாகலாம். ‘வாரம் ஒருமுறை’ என்பதோடு விடாமல், எந்தக் கிழமை என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அம்மா, அப்பா இந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், பெட்டியில் அந்தக் கிழமையைப் பெரிதாக எழுதி, மற்ற மருந்துகளிலிருந்து தள்ளி வையுங்கள். தவறுதலாகத் தினமும் போட்டது தெரியவந்தால், ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.