மீனுக்கு பிஸ்கட் போடுவது புண்ணியமா?

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் அந்தமானுக்கு டூர் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி. ரோட்டில் ஆளுக்கொரு பெர்முடா வாங்கியாயிற்று. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும்போது ஃப்ளைட் எதற்கு என்று கப்பல் ஏறியாயிற்று. (மூன்று நாள்! பாதிப் பேருக்கு வாந்தி!) போர்ட் பிளேர், அதாவது 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், அதற்கு எதிரே நார்த் பே. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னைமரங்களோடு ஒரு கடற்கரை இருக்குமே, அதேதான்.

அங்கே ஸ்நார்க்கெலிங். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் கவிழ்ந்து மிதக்க வேண்டும். கையில் ரெண்டு பிஸ்கட் இருந்தால் மீன்கள் மொய்க்கும், போட்டோ சூப்பராக விழும். இதில் என்ன தப்பு? கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்!

தப்பு இருக்கிறது. குளத்து மீனுக்குப் போக்கிடம் கிடையாது, மனிதன் கையை நம்பித்தான் பிழைப்பு. பவளப்பாறை மீனுக்கு அங்கே உத்தியோகமே இருக்கிறது. கிளிமீனைப் பாருங்கள். கிளி மூக்கு மாதிரி பல்லை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பாறையில் பாசியைச் சுரண்டித் தின்னும். கூடவே உள்ளே போகிற சுண்ணாம்பை மணலாகக் கழித்துவிடும். டூரிஸ்டுகள் புரண்டு போஸ் கொடுக்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அதுதான், ஹி ஹி. 2010-இல் கடல் சூடாகி அந்தமான் பவளங்கள் ஏராளமாக வெளுத்துச் செத்தன. செத்த பவளத்தைப் பாசி மூடிக்கொண்டால் புதுப் பவளக்குஞ்சு ஒட்ட இடமிருக்காது. சுரண்டுகிறவன் டியூட்டியில் இருக்க வேண்டிய நேரத்தில் அவனுக்கு பிஸ்கட் காட்டிக் கூப்பிடலாமா? பாசிக்கென்று அமைந்த நீளமான குடல் மைதாவை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

இன்னொன்று, பிஸ்கட்டுக்கு முதலில் வருவது முரட்டு மீன்கள். மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடு போட்டதுகள் கூட்டமாக வந்து மற்றதை விரட்டும், மற்ற மீன்களின் முட்டையையும் விடாது. பழகிவிட்டால் வெறும் கையோடு வருகிறவர் விரலையும் கடிக்கும்.

படகுக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. மீன் தெரியாவிட்டால் கஸ்டமர் முகம் சுளிப்பான், அடுத்த ஆளை அனுப்பமாட்டான். சீசன் முடிந்தால் வருமானமும் முடிந்தது. ஆனால் இந்தக் கணக்கில் வரவு மட்டும்தான் எழுதியிருக்கிறது. முதல் தேய்வதை யாரும் செலவில் ஏற்றவில்லை. பி.காம் முதல் வருஷப் பையனே கண்டுபிடித்துவிடும் ஓட்டை!

ஹவாயில் ஹனௌமா வளைகுடாவில் ஒரு காலத்தில் பட்டாணியும் ரொட்டியும் கொட்டினார்கள். 1999-இல் அதற்குத் தடை வந்தது. கூட்டம் குறைந்ததா? இன்றைக்குப் பல பேர் முன்பதிவு செய்துகொண்டுதான் உள்ளே போக முடிகிறது, வாரத்தில் ரெண்டு நாள் லீவு வேறு. அவ்வளவு தூரம் எதற்கு, அந்தமானிலேயே ஜாலிபாய் தீவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகக்கூடாது. அதற்காக யாரும் போகாமல் இருந்துவிடவில்லை.

அந்த வண்ணாரப்பேட்டைப் பிள்ளை பிஸ்கட் கேட்டு அழுதால், ஐந்து நிமிஷம் கைகாலை ஆட்டாமல் மிதக்கச் சொல்லுங்கள். மீன் தானாக வரும். காதைக் கொஞ்சம் கூர்மையாக வைத்துக்கொண்டால் கிளிமீன் பாறையைக் கறுக் முறுக்கென்று கடிக்கும் சத்தம்கூடக் கேட்கும்.