லாச்சப்பல் பக்கம்: மைக்கோடு பிறசல்ஸ் போன பொடியள்



மாசி தொடங்குகிற நாட்களில் வெள்ளிக்கிழமை பின்னேரம் கார் து நோர் ஸ்டேசன் பக்கம் போனால் ஒரு தினுசான கூட்டத்தைக் காணலாம். லாப்டொப் முழுக்க ஸ்டிக்கர், தோளில் பெரிய பை. எல்லாரும் பிறசல்ஸ் ரெயினுக்கு நிற்பார்கள். லாச்சப்பலில் இருந்து அந்த ஸ்டேசனுக்கு நடந்தே போகலாம். ஆனாலும் இவ்வளவு காலமும் எங்கட பிள்ளையள் ஆரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து போனதாக நான் கேள்விப்படவில்லை. 2025 இல் இரண்டு பேர் போனார்கள். ரெயினில் இல்லை. காசு மிச்சம் பிடிக்க பஸ்ஸில், நாலு மணித்தியாலம்.

மூன்று பேர் சேர்ந்து தமிழில் ஒரு பொட்காஸ்ட் செய்கிறார்கள். ஒருத்தர் கொம்பியூட்டர் படிக்கிறார், ஒரு தங்கச்சி கணக்கியல் படிக்கிறா. மூன்றாவது தம்பி பகலில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. ரூ காய் தெருவிலும் ரூ பெர்தோனே பக்கத்திலும் (காய் விக்கிற தெருவுக்குக் ‘காய்’ எண்டு பேர் வைச்ச பிரெஞ்சுக்காரன் வாழ்க!) இருக்கிற வயசான அம்மா, ஐயாமாரைப் பேச வைத்து ஒலிப்பதிவு செய்வதுதான் இவர்களின் வேலை. ஊரில் கிணறு வெட்டினது, முதன்முதல் விமானம் ஏறினது, பரிசில் முதல் குளிர்காலம், இப்படி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர்கள் போன இடத்தின் பெயர் ஃபொஸ்டெம். கட்டற்ற மென்பொருள் செய்கிறவர்கள் ஐரோப்பாவில் கூடுகிற பெரிய சந்திப்பு. 2001 இல் தொடங்கியது. பிறசல்ஸ் யுனிவர்சிற்றியின் சொல்பொஷ் வளாகத்தில் ஒவ்வொரு வருசமும் ஒரு சனி ஞாயிறு நடக்கும். 2025 இல் பெப்ரவரி 1, 2. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், ரிக்கற் கிடையாது, பெயர் பதிய வேண்டியதும் இல்லை. இதைக் கேட்டதும் தங்கச்சியின் அம்மா என்னிடம் வந்து, “பேரும் குடுக்காமல் காசும் கட்டாமல் உள்ள விடுவினமோ அக்கா? அதென்ன கோயில் திருவிழாவே?” என்று கேட்டா. கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொன்னேன். ரூ பஜோல் மாணிக்க விநாயகர் தேருக்கு ஆர் பெயர் பதிந்து போகிறோம்?

இந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த ரஃபாயேல் போதுவாங் ஏன் தொடங்கினார் என்பது எனக்குப் பிடித்த கதை. பெரிய புரோகிராம் எழுதிக் கொடுக்கிற கெட்டித்தனம் தன்னிடம் இல்லை, அதனால் எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு இருத்துகிற வேலையையாவது செய்வோம் என்று நினைத்தாராம். எங்கட கலியாண வீடுகளில் பந்தல் போடுகிறவர் மாதிரி. அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஆனால் படத்தில் இருக்க மாட்டார்.

‘இலவசம்’ என்ற சொல்லில்தான் எங்கட பெற்றோர் தடக்குப்படுகிறார்கள். சும்மா கிடைக்கிற சாமான் தரம் இல்லாதது என்று ஒரு நினைப்பு. பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது: காசில்லை என்றால் கிராத்துயி, கட்டுப்பாடு இல்லை என்றால் லிப்ர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போனதால் அங்கே 40 வருசமாகச் சண்டை. தமிழில் ‘கட்டற்ற’ என்று யாரோ அழகாகப் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் றோல்ஸ் சும்மா தந்தால் அது இலவசம். எப்படிச் செய்வது என்று எழுதித் தந்து, “நீயும் செய், உறைப்பைக் கூட்டு, வித்தாலும் வில்” என்று சொன்னால் அது கட்டற்றது.

சரி, ஒலிப்பதிவு செய்கிற பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?

ஹக்கர் பப்ளிக் ரேடியோ என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வங்கிக் கணக்கு உடைக்கிறவர்கள் இல்லை. கேட்கிறவர்களே மாறி மாறி நிகழ்ச்சி செய்து அனுப்புகிற ஒரு பொட்காஸ்ட். 2007 மார்கழி கடைசி நாளில் தொடங்கியது. அவர்களில் கென் ஃபாலன் என்ற ஐரிஷ்காரர் ஃபொஸ்டெமுக்கு மைக்கைக் கொண்டு போய், மேசை மேசையாக நின்று, “இது என்ன? ஆருக்குப் பிரயோசனம்?” என்று கேட்டுப் பதிவு செய்கிறவர். பெரிய மேடைப் பேச்சுகளை ஃபொஸ்டெமே வீடியோவாக எடுத்துப் போட்டுவிடும். மேசைக்குப் பின்னால் நிற்கிறவரின் பேச்சை மைக் கொண்டு போகிறவர்தான் பிடிக்க வேண்டும். பின்னால் ஆயிரம் பேர் இரைச்சல், நடுவில் ஒரு மனிசன் தன் பத்து வருச வேலையை மூன்று நிமிசத்தில் சொல்கிறார். கேட்டுப் பாருங்கள், எங்கட சந்தைச் சத்தம் மாதிரியே இருக்கும்.

எங்கட இருவரும் அதே முறையைப் பிடித்துக்கொண்டு, கூட ஒரு கேள்வி சேர்த்தார்கள்: “உங்கட புரோகிராமில தமிழ் இருக்கோ?” சிலர் இருக்கு என்றார்கள். சிலர் போனை எடுத்துத் தேடிப் பார்த்தார்கள். பலபேர் சொன்ன பதில், “இல்லை. நீங்கள் செய்து தாறியளோ?”

வி.எல்.சி. காரர் இந்தக் கூட்டத்துக்குச் செம்மஞ்சள் கூம்புத் தொப்பியோடு வருகிறவர்கள். உங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் கலியாண வீட்டு சி.டி. போட்டுப் பார்க்கிறீர்களே, அதே கூம்புதான். அது பரிசில் பிறந்த பிள்ளை என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1996 இல் எக்கோல் சென்ட்ரால் மாணவர்களுக்கு விடுதியில் வேகமான நெட்வேர்க் வேண்டியிருந்தது, அதுவும் விளையாட்டுகள் விளையாட. அதைக் கேட்டால் ஆர் காசு தருவார்? சற்றலைற் ரீவியை விடுதி முழுக்க நெட்வேர்க்கில் அனுப்பிக் காட்டுகிறோம் என்று சொல்லிக் காசு பிடித்தார்கள். அந்தத் திட்டத்தில் இருந்து வந்ததுதான் வி.எல்.சி. 2001 பெப்ரவரி 1 அன்று கட்டற்ற மென்பொருளாக வெளியே விட்டார்கள். விளம்பரம் போடக் கோடிக்கணக்கில் பேரம் பேசி வந்தும் மறுத்துவிட்டதாக அதை நடத்துகிற ஜோன்-பப்டிஸ்ட் கெம்ப் பலமுறை சொல்லியிருக்கிறார். மெனுவைத் தமிழுக்கும் மாற்றலாம், ஒருக்கால் மாற்றிப் பாருங்கள்.

பொட்காஸ்டும் அப்படி ஒருவருக்கும் சொந்தமில்லாத சாமான்தான். ஆர்.எஸ்.எஸ். என்ற ஒரு சின்னக் கோப்பில் “புதுப் பதிவு இங்கே இருக்கு” என்று எழுதி வைத்தால், எந்தச் செயலியும் போய் எடுத்து வரும். 2024 இல் கூகுள் தன் பொட்காஸ்ட் செயலியை மூடியபோது கேட்கிறவர்கள் வேறு செயலிக்கு மாறினார்கள், நிகழ்ச்சிகள் அழியவில்லை. ஆனால் ஒரே ஒரு கொம்பனியின் பக்கத்தில் மட்டும் ஏற்றி வைத்தால், அந்தப் பக்கம் போகிற அன்று எல்லாம் போகும். எங்கட பிள்ளைகள் ஓடசிற்றியில் வெட்டி ஒட்டுகிறார்கள், அது கட்டற்றது. மூலப்பதிவை இரண்டு வீட்டில் இரண்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறார்கள். இதை நான் மெச்சுகிறேன். 80களில் இங்கே வந்தவர்கள் ஊருக்குக் கடிதம் எழுத நேரமில்லாமல் கசற்றில் பேசி அனுப்பின காலம் நினைவிருக்கும். அந்தக் கசற் இன்றைக்கும் எந்தப் பழைய பெட்டியிலும் பாடும். 1963 இல் வந்த அந்த அளவை பிலிப்ஸ் மற்றக் கொம்பனிகளுக்குக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

இனி மூன்றாவது தம்பி. அவரால் போக முடியவில்லை. புகலிடக் கேஸ் முடியாதவர்களுக்குத் தருகிற தற்காலிகப் பத்திரத்தோடு பிரான்சை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. “பெல்ஜியம்தானே, போடரில ஒருத்தரும் நிக்க மாட்டினம், பின் சீற்றில படுத்திட்டு வா” என்று கூட்டாளிகள் சொன்னார்களாம். தம்பி என்னிடம் கேட்டார். “தம்பி, பஸ்ஸில ஒரே ஒரு செக்கிங் வந்தால் காணும். நாலு வருசம் காத்திருந்ததை இரண்டு நாளுக்காக வைச்சு விளையாடாதை” என்று சொன்னேன். முகம் வாடித்தான் போனது. பெயர் போட வேண்டாம் என்றதும் இவருக்காகத்தான்.

ஆனால் ஃபொஸ்டெம் எல்லா அறைகளையும் நேரடியாக இணையத்தில் விடுகிறது. தம்பி லாச்சப்பலில் தன் அறையில் இருந்து சனிக்கிழமை முழுக்கப் பார்த்தார். அங்கே போன இரண்டு பேரும் அறை நிரம்பி, ‘இடமில்லை’ என்று எழுதின கதவுக்கு வெளியே குளிரில் நின்றபோது, உள்ளே என்ன பேசுகினம் என்று வட்ஸ்அப்பில் சொன்னது இவர்தான்! அன்றிரவு ஒரு செயலியின் தமிழ் வரிகளைத் திருத்தத் தொடங்கினார். அங்கே ஆரும் கார்ட் கேட்கவில்லை.

எனக்கு யோசனை தந்த விசயம் அதற்குப் பிறகு நடந்தது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்குகிற கட்டற்ற புரோகிராம்கள் இப்போது வந்துவிட்டன. 2022 இல் வந்த விஸ்பர் அதில் ஒன்று. வி.எல்.சி.யும் 2025 தையில், இணையம் இல்லாமலே படத்துக்குத் தானாக எழுத்துப் போடுகிற வசதியைக் காட்டியது. பிள்ளைகள் ஒரு அம்மம்மாவின் பதிவை அப்படி ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சென்னைச் செய்தி வாசிப்பை நன்றாக எழுதின அதே புரோகிராம், அம்மம்மா “வெளிக்கிட்டனாங்கள்” என்றால் ‘வெளி கேட்ட நாங்கள்’ என்று எழுதியது. “உவன் எங்கை போட்டான்” என்றதற்கு என்ன எழுதியது என்று இங்கே சொல்லவே முடியாது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. பிறகு தங்கச்சி சொன்னா: “அன்ரி, எங்களுக்கு அம்மம்மா கதைக்கிறது விளங்கும். எங்கட பிள்ளையளுக்கு இந்த எழுத்துதான் மிஞ்சப்போகுது.” அதற்குப் பிறகு ஆரும் சிரிக்கவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. மொசில்லாவின் கொமன் வொய்ஸ். 2017 இல் தொடங்கியது, தமிழும் உண்டு. திரையில் வருகிற வசனத்தை நீங்கள் வாசிக்க, இன்னொருவர் கேட்டுச் சரி என்று சொல்வார். அப்படிச் சேர்கிற குரல்களில்தான் யந்திரம் படிக்கும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், எந்தப் பக்கத்துக் குரலும் போகலாம். போகாவிட்டால் இல்லைதான். ஆனால் அதை யாரும் எதற்கும் எடுக்கலாம், பெரிய கொம்பனிகள் உட்பட. கொடுத்துப் பரவினதைத் திருப்பி எடுக்க ஏலாது.

என் கருத்து இது: வாசிக்கிற குரலைத் தாராளமாகக் கொடுங்கள், சொல்கிற கதையைக் கொடுக்க முன் நூறு தரம் யோசியுங்கள். அம்மம்மா கதையில் ஊரில் இன்றும் இருக்கிறவர்களின் பெயர் வரும். ஆர் எந்த இரவில் ஆரை ஒளித்து வைத்தது என்பது வரும். “போடு பிள்ளை, எனக்கென்ன” என்று அவ சொல்வா. அவவுக்கு ஒன்றுமில்லைத்தான், ஊரில் இருக்கிறவருக்கு இருக்கலாம். பிள்ளைகள் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: பதிவை முழுக்க வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டி, வெட்டச் சொன்ன இடத்தை வெட்டித்தான் வெளியே விடுவது. மூன்று பதிவு அப்படி வெளியே வராமலே பெட்டியில் இருக்கிறது. அதுவும் சரி.

சேமிக்க இடம் வேண்டும் என்றால் எங்கட ஆக்களே கட்டின இடங்கள் உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம், விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது. அவர்களின் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2012 இல் இருந்து கணியம் ஆட்கள் இந்தக் கட்டற்ற விசயங்களைத் தமிழில் எழுதியும் பேசியும் வருகிறார்கள். வீட்டில் கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை இருந்தால் அதைத்தான் முதலில் வாசிக்கக் கொடுப்பேன்.

2026 ஃபொஸ்டெமுக்குக் குறித்த நாட்கள் தை 31, மாசி 1. உங்கள் பிள்ளை போகிறேன் என்றால் மூன்று சங்கதி: பிறசல்ஸில் யுனிவர்சிற்றிக்கு 71 ஆம் இலக்க பஸ், விரும்பின பேச்சுக்கு ஒரு பேச்சு முன்னமே போய் இருக்க வேண்டும், தடிச்ச கோட். சாப்பாட்டுக்கு வளாகத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் வண்டி நிற்கும், வரிசை நீளம். எங்கட தங்கச்சி அம்மா கட்டிவிட்ட புட்டுப் பார்சலைத் திறந்தபோது, பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரர் செய்முறை கேட்டாராம். சொல்லிக் கொடுத்திருக்கிறா.