துடைப்பமும் சாக்பீஸும்

"ஏன் ஆசிரியர் பணியைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" பி.எட். மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து ஆராய்ச்சி பண்ணுகிறார்கள். சேவை மனப்பான்மை, சமூக மதிப்பு, நிரந்தர வருமானம். டிக் அடித்தால் போதும். திருவாரூர்ப் பக்கத்துச் சேரியிலிருந்து பி.எட். போன என்னிடமும் அந்தத் தாள் வந்தது. எந்தக் கட்டத்திலும் என் அம்மா இல்லை. "நெழல்ல ஒக்காந்து சம்பாதிடா" என்பதுதான் அவள் சொன்ன காரணம். முதுகு வளைய நடவு நட்டவளுக்கு நிழல்தான் பதவி. இதைச் 'சமூகத் தாக்கம்' என்று எழுதினால், தாக்கியது யார் என்பது மறைந்துபோகும்.

பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. அதற்கப்புறமும் அப்பா மாடு மேய்க்கத்தான் போனார். எங்கள் தெருவுக்குச் சம்பளக்காரராக வந்த ஒரே ஆள் வாத்தியார். நின்றபடி பேசிவிட்டுப் போவார். தண்ணி குடிக்க மாட்டார். நான் படித்த பள்ளியில் வகுப்பைக் கூட்ட எங்க தெருப் பிள்ளைகளைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கணக்குப் போட யாரும் கூப்பிட்டதில்லை. பயிற்சிக்காக முதல்நாள் கரும்பலகை முன் நின்றேன். கைக்குச் சாக்பீஸைவிடத் துடைப்பம்தான் பழக்கமாகத் தெரிந்தது. இந்தக் கூச்சத்துக்குத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று பேர். வச்சது யாரு?

இதையும் தாண்டினால் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி 2,448 பேர் தேறினார்கள். 150-க்கு 90, எல்லோருக்கும் ஒரே அளவு. சலுகை தர மத்திய விதியிலேயே இடமிருந்தது. ஆனாலும் சமூக நீதி மண் 2014 பிப்ரவரியில்தான் 82-க்கு இறங்கியது. தரம் போச்சு என்று நீதிமன்றம் ஓடினார்கள். சலுகை செல்லும் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நியமனத்தில் பிளஸ் டூ மார்க்குக்கும் வெயிட்டேஜ் போட்டார்களே, ஒப்படிக் கூலிக்குப் போய்க்கொண்டே படித்தவனின் மார்க்கு அது! 2018-ல் அதைக் கைவிட்டு, இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள்.

நம் தோழர்களும் சளைத்தவர்கள் இல்லை. "வாத்தியார் வேலையெல்லாம் ஒரு லட்சியமா? ஐ.ஏ.எஸ். ஆகு, வக்கீலாகு." எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான், தோழர். துடைப்பத்துக்குப் பேர் கூப்பிடும் வகுப்பறையை யாரிடம் விட்டுவிட்டு ஐ.ஏ.எஸ். ஆவது?

வினாத்தாள் அடிக்கிறவர்கள் அடுத்த தடவை ஒரு கேள்வி சேர்க்கட்டும். ஒன்றாவதிலிருந்து பிளஸ் டூ வரை உங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் சேரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? நான் பூஜ்யம் என்று எழுதுவேன்.