அடிக்கப்பட்ட வரி

அமெரிக்க நாட்டிலே விஸ்கான்சின் என்றொரு மாநிலம். 2015 பிப்ரவரியில் அந்த மாநிலத்துக் கவர்னர் ஸ்காட் வாக்கர் ஒரு பட்ஜெட் மசோதாவைக் கொண்டுவந்தார். பல்கலைக் கழகத்துக்குத் தரும் பணத்திலே, இரண்டாண்டுக்கு 30 கோடி டாலர் வெட்டு! பணவெட்டு புதிதல்ல; பற்றாக்குறை என்று சொல்லிப் படிப்பின் கழுத்திலே கத்தி வைப்பது ஆளவந்தார்க்குப் பழகிய வேலை. ஆனால் அந்த மசோதாவுக்குள்ளே இன்னொரு வெட்டும் பதுங்கியிருந்தது.

பல்கலைக் கழகம் எதற்காக என்பதை அம்மாநிலச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. உண்மையைத் தேடுவது அதன் அடிப்படை. மனிதர் வாழ்வை உயர்த்துவது அதன் கடமை. அங்கே விளையும் அறிவு, மதிற்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்காமல் மாநிலமெங்கும் பரவவேண்டும் என்பது அதன் கருத்து. இந்தச் சொற்களை மசோதா அடித்தது. அடித்துவிட்டு எழுதியது என்ன? மாநிலத்தின் வேலையாள் தேவையைப் பல்கலைக் கழகம் நிறைவேற்ற வேண்டும் என்று!

எதிர்ப்புக் கிளம்பிற்று. மறுநாளே கவர்னர் பின்வாங்கினார். எழுதும்போது நேர்ந்த பிழை என்றார். பிறகு வெளிவந்த கடிதங்களோ, பல்கலைக் கழகத்தார் ஆட்சேபித்தும் கவர்னரின் நிர்வாகமே அந்த மாற்றத்தை வற்புறுத்தியது என்று காட்டிக் கொடுத்தன. வரி பிழைத்தது. பணம் பிழைக்கவில்லை, 25 கோடி டாலர் வெட்டு நிறைவேறியே தீர்ந்தது.

"வேலைக்கு ஆள் தயாரிப்பதிலே என்ன தவறு?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆலையிலே உழைத்து ஓய்ந்த தகப்பன், தன் மகனாவது நல்ல வேலைக்குப் போகட்டும் என்று எண்ணுகிறான். அந்த எண்ணத்தை ஏளனம் செய்பவன் பசியறியாதவன். தொழிற்கல்வி வேண்டும், படித்தவனுக்கு வேலையும் வேண்டும். நாம் கேட்பது வேறு. வேலை என்ற சொல்லைச் சேர்க்க, உண்மை என்ற சொல்லை ஏன் அடிக்கவேண்டும்? காகிதத்திலே இடமில்லாமலா?

விடை அந்தப் பல்கலைக் கழகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1894-இல் ரிச்சர்டு ஈலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் மீது, மாநிலக் கல்வி அதிகாரியே குற்றம் சாட்டினார். என்ன குற்றம்? வேலை நிறுத்தத்தையும் பகிஷ்காரத்தையும் அவர் ஆதரிக்கிறார் என்பது! விசாரணை நடந்தது. நிர்வாகக் குழு அவரை விடுவித்தது. அதோடு நிற்கவில்லை. அஞ்சாமல் புடைத்தும் தூற்றியும் பார்த்தால்தான் உண்மை கிடைக்கும், பல்கலைக் கழகம் அதற்கு இடம்தர வேண்டும் என்றும் அறிவித்தது. அந்த அறிவிப்பு 1915 முதல் வெண்கலத் தகட்டிலே பொறிக்கப்பட்டு அங்கே நிற்கிறது.

தூற்றியதிலே தொழிலாளிக்குக் கிடைத்த நெல் எது? சொல்லுகிறோம். அக்காலத்தில் இயந்திரத்திலே கையை இழந்தவன் முதலாளிமீது வழக்குப் போடவேண்டும். "ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்?" என்று கோர்ட்டிலே கேட்பார்கள். வெறுங்கையோடு, அதிலும் ஒற்றைக் கையோடு, வீடு திரும்புவான். இந்த அநீதியை ஆராய்ந்தார் அங்கு வந்த பேராசிரியர் ஜான் காமன்ஸ். 1911-இல் விஸ்கான்சின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் கண்டது. 1932-இல், அமெரிக்காவிலேயே முதன்முதலாக, வேலையற்றோர் உதவிச் சட்டம் நிறைவேறியது. அதை வகுத்தவர்கள் அவருடைய மாணவர்கள். 1935-இல் நாடு முழுவதற்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதைத் தயாரித்த குழுவை நடத்தியவர் எட்வின் விட்டி. அவரும் அங்கே பயின்றவரே. 1925-இல் ஆலைப் பெண்களுக்கென்று கோடை வகுப்பு திறந்து, தொழிலாளர் பள்ளியைத் தொடங்கியதும் அதே பல்கலைக் கழகம்தான்.

இயந்திரத்தை ஓட்டமட்டும் கற்றவன் இயந்திரத்தை நன்றாக ஓட்டியிருப்பான். இந்தச் சட்டங்களை எழுதியிருக்க மாட்டான். வரலாறும் பொருளாதாரமும் தத்துவமும் படித்தவன்தான், "இது விதியா? அல்லது ஒருவன் செய்த ஏற்பாடா?" என்று கேட்கிறான்.

அந்தக் கேள்விதான் கசக்கிறது! அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையை 2011-இல் பெரும்பாலும் பறித்தவரும் இதே வாக்கர்தான். அன்று மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை நிரப்பிய கூட்டத்திலே, தொழிலாளரோடு தோள் சேர்த்து நின்றவர்கள் பல்கலைக் கழக மாணவர்கள். சங்கத்தை முறித்த கைக்கும், உண்மை என்ற சொல்லை அடித்த பேனாவுக்கும் உறவில்லை என்று யார் நம்புவார்?

2018-இல் அதே மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் கல்லூரியில், வரலாறு, தத்துவம், ஆங்கிலம் உட்பட 13 பாடப்பிரிவுகளை மூடத் திட்டமிட்டார்கள். பணமில்லை என்றார்கள். மாணவரும் ஆசிரியரும் எதிர்த்தனர். 2019-இல் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்து நின்றார்கள் என்பதை மறவாதீர்!

ஆலைமுதலாளி தன் மகனை, "வரலாறு உனக்கெதற்கு? தறியை மட்டும் கற்றுக்கொள்" என்று அனுப்புவதில்லை. அவன் மகனுக்கு ஆளும் அறிவு. உழைப்பவன் மகனுக்கு அடங்கும் பயிற்சி! இந்தப் பங்கீட்டை நாம் ஏற்க முடியாது. கைக்குத் தொழில் வேண்டும். கருத்துக்குத் தெளிவும் வேண்டும். ஒன்றைத் தந்து மற்றொன்றைப் பறிப்பவன் நமக்குப் படிப்புத் தருபவன் அல்லன்.

தோழர்களே! கல்வித் திட்டம் எதுவும் உங்கள் முன் வரும்போது, என்ன சேர்த்தார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த வரியை அடித்தார்கள் என்று பாருங்கள்!