முன்பணத்தில் தொடங்கும் முதல் வேலை

பெரிய முதலியார்சாவடியில் எங்களோடு பழகும் தம்பி ஒருவருக்குப் போன மாதம் ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடிக்கப்போகும் முதல் ஆள் அவர்தான். அப்பா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியே கால் புண்ணானவர். அம்மா இன்னமும் சீசனுக்கு உப்பு சுமக்கப் போகிறார். வீட்டில் அம்பேத்கர் படத்துக்கு முன்னால் லைசென்ஸை வைத்து எடுத்தார்கள். அடுத்த வாரமே இரண்டு இடங்களில் இருந்து கூப்பிட்டார்கள்.

முதல் இடம், உப்பு லோடு அடிக்கும் உள்ளூர் முதலாளி. கையில் இருபதாயிரம் முன்பணம். பதிலுக்கு லைசென்ஸ் ஒரிஜினல் அவரிடம் இருக்க வேண்டும். இரண்டாவது, புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் பார்சல் கம்பெனி. முன்பணம் கிடையாது. மூன்று மாதம் மூத்த டிரைவரோடு உடன் போக வேண்டும். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் பேங்கில் விழும்.

அம்மா முதல் இடத்தைத்தான் சொன்னார். "கையில காசு குடுக்கறவந்தானே நம்பள நம்புறான்?" என்று எங்களைக் கேட்டார். மழைக்கு முன் கூரை மாற்ற வேண்டிய வீடு அது. அவர் கேட்டதில் தவறில்லை. ஆனாலும் நாங்கள் வேண்டாம் என்றோம். ஏன் என்று இங்கே எழுதி வைக்கிறோம். இதே கேள்வி நாளைக்கு வானூரிலும் மரக்காணத்திலும் திண்டிவனத்திலும் இன்னொரு வீட்டில் வரும்.

லாரித் தொழிலில் ஒருவர் எப்படி நுழைகிறார்? நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரியைப் பாருங்கள். கிளீனராக ஏறியவர் டிரைவர் ஆனார், டிரைவர் பங்கு போட்டு ஒரு வண்டி வாங்கினார், பிறகு முதலாளி ஆனார் என்று அங்கே நிறையக் கதைகள் உண்டு. உழைப்பு உண்மைதான். அந்த உழைப்புக்குப் பின்னால் சொந்தமும் சாதியும் இருந்தன என்பதும் உண்மை. "நம்ம பையன், ஏத்திக்கோ" என்று சொல்ல ஒரு மாமா இருந்தார். கடனுக்கு ஜாமீன் போட ஒரு பங்காளி இருந்தார். நம் பையன்கள் அதே லாரியில் லோடுமேனாக ஏறி இறங்கினார்கள். கேபினுக்குள் ஏற்றிவிட ஆள் இல்லை.

சரக்கு வண்டி லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை ஒன்றிய அரசு 2019-ல் நீக்கியது. பள்ளியை விட்டு உப்பளத்துக்குப் போன பலருக்கு அது ஒரு கதவைத் திறந்தது. தாட்கோ வழியாகவும் நம் பிள்ளைகள் ஓட்டுநர் பயிற்சிக்குப் போகிறார்கள். லைசென்ஸ் வரை வழி கிடைத்துவிட்டது. முதல் வேலைக்கு வழி கிடைக்கவில்லை. சிபாரிசு சொல்ல சொந்தம் இல்லாத அந்த இடத்தில்தான் முன்பணம் வந்து உட்காருகிறது. மற்றவர்களுக்கு மாமாவின் வாக்கு பிணை. நம் பையனுக்கு அவன் வாங்கிய கடனே பிணை.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் முன்பணத்துக்குப் பதிலாக வேறு இடத்தில் வேலைக்குப் போகும் உரிமையை ஒருவர் இழந்தால் அதுவே கொத்தடிமை முறை என்கிறது அந்தச் சட்டம். லாரிக்கு அதில் விலக்கு இல்லை. லைசென்ஸ் தம்பியின் பெயரில் அரசு கொடுத்தது. அதை முதலாளியின் பீரோவில் வைத்துவிட்டு அவர் வேறு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பார்?

அடுத்தது பாரம். உப்பு சீசனில் ஒரு நடைக்கு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு லாபம். 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்குக் கொடுத்த உத்தரவு இன்னும் கடுமையானது: சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றினால் ஓட்டியவரின் லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும். அபராதத்தை முதலாளி கட்டலாம். மூன்று மாதம் வீட்டில் உட்காரப்போவது டிரைவர்தான். கடன் வாங்கியவரால் "இந்த லோடை எடுக்க மாட்டேன்" என்று சொல்ல முடியுமா?

மூன்றாவது நேரம். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி என்றிருந்த வேலை 48 ஆகக் குறைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே 48 மணி நேரம் 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் லாரி டிரைவருக்கும் வந்தது: பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. ஆனால் 2025 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம் ஐந்து பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. பிஎஃப் பிடிக்க இருபது பேர், இஎஸ்ஐக்குப் பத்துப் பேர் என்று வரம்பு இருக்கிறது. இரண்டு வண்டி வைத்திருக்கும் முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த வரம்புக்கு வெளியேதான் நிற்பார்.

எங்கள் பேச்சை மறுத்தவர்களும் இருந்தார்கள். பழைய டிரைவர் ஒருவர், "சின்ன வண்டிக்காரன்கிட்ட தான் தொழில் கத்துக்க முடியும், ராத்திரி வூட்டுக்கும் வரலாம்" என்றார். இதில் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் சாதி இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. அங்கேயும் "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்பார்கள். அரசு ஆவணங்களில் இருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்தக் கேள்வி அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஆனால் உள்ளூர் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடுமா? 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் நம் மக்களின் வீடுகள் எரிந்ததை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஒரு நாளில், கடனும் லைசென்ஸும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் டிரைவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதனால் தம்பிகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான். லைசென்ஸ் நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சாவி வாங்கும் முன் வண்டியின் இன்சூரன்ஸ், எஃப்சி, பெர்மிட் தேதிகளைப் பாருங்கள். சம்பளமா, நடைக்குப் படியா, வாடகையில் பங்கா என்று கேளுங்கள். டீசல் குறைந்தால், டயர் வெடித்தால், பொருள் சேதமானால் யார் கணக்கு என்று முதல் நாளே கேளுங்கள். பதிலை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். இதையெல்லாம் கேட்டதற்காகக் கோபப்படும் கம்பெனியில் ஏறாதீர்கள்.

தம்பிகளுக்குச் சொன்னால் மட்டும் போதாது. பயிற்சிக்கு ஆள் சேர்த்தோம், லைசென்ஸ் வாங்கியதும் போட்டோ எடுத்துப் போட்டோம், அத்தோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அந்த இருபதாயிரம் எங்கிருந்து வரும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தாட்கோ பயிற்சியோடு முதல் ஆறு மாத வேலையையும் சேர்த்துத் தர வேண்டும் என்று அரசிடம் கேட்கப்போகிறோம். அதுவரைக்கும் நாமே ஒரு சின்ன நிதி திரட்டியாக வேண்டும்.

அந்த அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழு கூரைக்குப் பாதிப் பணம் கடனாகத் தருகிறது. மீதிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுகிறோம். தம்பி திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஓர் இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். லாரி ஓட்டிப் பழகிய நம் அண்ணன்கள் யாராவது பக்கத்து ஊர்களில் இருந்தால் அன்றைக்கு வாருங்கள். "நம்ம பையன், ஏத்திக்கோ" என்று சொல்ல அவருக்கும் நாலு பேர் வேண்டும்.

ஜெய்பீம்.